பாம்பு நீக்கிய மருந்து

மேனேஜர் வீட்டுக்குள் நுழைந்ததும் தனவேல் எழுந்து நாற்காலி போட்டான். அதையாவது அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி மன்னித்திருப்பாள். வந்தவரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வந்தவர் ரசாயன ஆலையின் மேனேஜர் ராஜ்மோகன். போன வருஷம் அந்த ஆலையில் விஷவாயு கசிந்தது. அலற வேண்டிய சைரன் அலறவில்லை. வெளிநாட்டு விருந்தாளிகள் வந்திருக்கும் நாளில் அது வீணாகக் கத்தி மானத்தை வாங்கக் கூடாது என்று முதல்நாளே அதன் இணைப்பைப் பிடுங்கச் சொன்ன புண்ணியவான் இதே ராஜ்மோகன். அந்த உத்தரவைப் பக்கத்தில் நின்று காதால் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் கனகசபை, அந்தப் புகையிலேயே செத்துப்போனான். இன்னொருவன் பம்ப் ஆபரேட்டர் தனவேல். இதோ நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"எப்படி இருக்கீங்க தனவேல்? தூக்கமெல்லாம் நல்லா வருதா?"

"வருதுங்க சார். எல்லாம் கம்பெனி எடுத்துக் குடுத்த ட்ரீட்மென்ட்டுதான்."

"அடுத்த வாரம் விசாரணை. ஜட்ஜ் ஐயா கேப்பாரு. பழசையெல்லாம் போட்டுக் கிளறினா உங்க மனசுக்குத்தான் கெடுதி. அந்த சைரன் விஷயம்..."

"அதெல்லாம் எதுக்குங்க சார்? நடந்தது நடந்துபோச்சு. அஞ்சல, சாருக்கு டீ போடு."

அஞ்சலாட்சி டீ போடவில்லை. ராஜ்மோகன் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்த இனிப்புப் பெட்டியை எடுத்தாள், வாசலுக்குப் போனாள், சாக்கடையில் வீசினாள். கடலூர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவள் அவள். தொண்டையைத் திறந்தாளானால் நடுக்கடலில் வலை இழுப்பவனும் விலை கேட்பான்.

"கனகசபை பொண்டாட்டிக்கும் குடுத்தியா ஸ்வீட்டு? தாலி அறுத்தவளுக்கு எத்தினி கிலோ? எந்திரிய்யா மொதல்ல!"

ராஜ்மோகன் எழுந்தார். கோபப்படவில்லை. வந்த காரியம் முடிந்துவிட்டவருக்கு எதற்குக் கோபம்? அவர் போன பிறகு தனவேல் வாசலைப் பார்த்தபடி, "ஏன் அஞ்சல, பாவம், வெயில்ல வந்த மனுஷன்" என்றான். அவனை ஓங்கி அறையலாம் போல இருந்தது அவளுக்கு. அறைந்தாலும் சிரிப்பான் என்பதால் விட்டுவிட்டாள்.

விபத்துக்குப் பிறகு பல மாதங்கள் அவன் அலறிக்கொண்டுதான் இருந்தான். குளிக்கும்போது, சாப்பிடும்போது, பேருந்தில் போகும்போது. 'கனகா, ஓடுடா' என்று கத்துவான். அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆலைக்காரர்கள் 'நிம்மதி' என்றொரு புதுச் சிகிச்சை இருக்கிறது, செலவு எங்களுடையது என்றபோது, அவனைச் சென்னைக்குக் கூட்டிப்போனவள் அஞ்சலாட்சியேதான். புருஷன் ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் கேட்டாள். தூக்கத்தைக் கொடுத்தார்கள்; ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

மறதி எதுவும் இல்லை. கேட்டால் எல்லாவற்றையும் சொல்வான், ரயில் நேரம் சொல்வதுபோல. ஆனால் எதுவும் அவனைச் சுடவில்லை. கனகசபையின் வருஷத் திதிக்குப் போனவன் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, 'ஏலக்காய் தூக்கலா போட்டிருக்கீங்க, நல்லா இருக்கு' என்று கனகசபையின் பெண்டாட்டியிடமே சொன்னான். அவள் அழுதுகொண்டே உள்ளே போனாள். அவனோடு சிகிச்சைக்குப் போன மற்றத் தொழிலாளர்களும் இப்படித்தான் ஆகியிருந்தார்கள். யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டார்கள். ஆட்டோக்காரன் கேட்டதைக் கொடுத்தார்கள். பல்லைப் பிடுங்கிய பாம்பு என்பார்களே, அப்படி.

மறுநாள் காலை மீன் ஏலத்தை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு அஞ்சலாட்சி சென்னைக்குப் பஸ் ஏறினாள்.

பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம். உள்ளே ஏசி. வரவேற்பு மேசைக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். குட்டையான, கட்டையான உடம்பு. நெற்றியில் வெட்டி விட்ட முடி. பாவாடை முழுக்க முறிந்து முறிந்து ஓடும் கோடுகளால் எம்பிராய்டரி. அவள் கத்துவது எந்தப் பாஷையோ, ஆனால் கழுத்தில் தொங்கிய மொழிபெயர்ப்புக் கருவி அதைச் செய்தி வாசிப்பவரின் குரலில் தமிழாக்கிக்கொண்டிருந்தது.

"எங்கள் பாம்பைத் திருப்பிக் கொடுங்கள். அல்லது எங்கள் பாட்டை நிறுத்துங்கள். நான் மிகவும் சினமாக இருக்கிறேன்" என்றது கருவி, வானிலை அறிக்கை சொல்வதுபோல.

அஞ்சலாட்சிக்குப் பாஷை புரியாவிட்டாலும் கோபம் புரிந்தது. அந்த ஏசிக் குளிரில் அவள் ஒருத்திதான் மனுஷியாகத் தெரிந்தாள். போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, "எனக்கும் பதில் சொல்லுங்க. என் புருஷன என்னா பண்ணீங்க?" என்று தன் பங்குக்குத் தொண்டையைத் திறந்தாள். காவலாளி ஒருவன் கிட்டே வந்தான்; இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். கடைசியில் டாக்டர் நிரஞ்சனா இறங்கி வந்தார். சின்ன வயது. களைத்த முகம். நல்லவள்தான் என்று பார்த்த உடனே தெரிந்தது. அதுவே அஞ்சலாட்சிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இவங்க லுஸ்மிலா. பெரு நாடு. அமேசான் காட்டுல, உகயாலி ஆத்தங்கரை. ஷிப்பிபோன்னு ஒரு ஜனம், அவங்கள்ல வைத்தியம் பார்க்கிறவங்க" என்றார் டாக்டர். "நம்ம சிகிச்சைக்கு மூலம் அவங்களோடதுதான். ஒரு கொடியும் ஒரு இலையும். ரெண்டையும் சேர்த்துக் காய்ச்சிக் குடிச்சா காட்சிகள் வரும். அடிமனசுல சிக்கிக்கிட்டிருக்கிறது வெளிய வரும். நாங்க அதை மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேயா மாத்தினோம். ஆனா ஒரு சிக்கல்."

"என்னா சிக்கலு?"

"பாம்பு. யாருக்குக் கொடுத்தாலும் பாம்பு வந்துச்சு. ரொம்பப் பெரிய பாம்பு. முதல் சோதனைல உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தரையைக் குனிஞ்சு பார்த்துட்டு ரெண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல வெச்சுக்கிட்டாங்க. பாதிப் பேர் திரும்ப வரவே இல்ல. அதனால கண்ணை மூடித் தலையில மாட்டுற மாதிரி ஒரு மாஸ்க் செஞ்சோம். மூளையில காட்சி உருவாகும்போதே அது படிச்சிடும். பாம்பு மாதிரி எது வந்தாலும் அந்த இடத்தை மட்டும் அழிச்சிடும். சில தடவை போட்டுக்கிட்டா மூளையே பழகிடும். அப்புறம் மாஸ்க் வேணாம், மருந்தும் வேணாம். பாம்பு வர்ற வழியில கதவு தானா சாத்திக்கும்."

"அந்தக் கதவு வழியாத்தான் என் புருஷன் கோவமும் வந்துட்டிருந்துதா?"



"கோபம் ஒரு அறிகுறிம்மா" என்றார் டாக்டர். "குறைஞ்சா நல்லதுதானே? இப்ப எவ்வளவு பேர் எடுத்துக்கிறாங்க தெரியுமா? பேங்க்ல இருக்கிறவங்க, போலீஸ், கோர்ட்ல இருக்கிறவங்ககூட. டென்ஷன் இல்லாம வேலை பார்க்கிறாங்க."

"டென்ஷன் இல்லாம பொய் சொல்றவனுக்குத் தலையாட்றாங்கன்னு சொல்லு."

லுஸ்மிலா அதுவரை கருவியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது டாக்டரின் முகத்துக்கு நேராக விரலை நீட்டினாள்.

"ரோனின் பக்க விளைவு அல்ல" என்றது கருவி. "ரோனின் எங்கள் பெரிய பாம்பு. மருத்துவர் அதுதான். கொடி அதை அழைக்கும் கதவு மட்டுமே. நீங்கள் மருத்துவரைத் துரத்திவிட்டு அவருடைய நாற்காலியை விற்கிறீர்கள். என் பாட்டில் ரோனினை அழைக்கும் அடிகளை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை மின்தூக்கியில் ஒலிக்க விடுகிறீர்கள். நான் கேட்டேன்."

அது உண்மைதான். லிஃப்டில் ஏதோ முனகலாக ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரையும் மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார்கள். எதிரே டீக்கடை. அஞ்சலாட்சி இரண்டு டீ சொன்னாள். லுஸ்மிலா ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்று திட்டினாள். அஞ்சலாட்சிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தன் புருஷன் கதையை முழுக்கச் சொன்னாள். சொல்லும்போது அழுகை வரவில்லை. 

"எங்கள் ஊரில் முன்பெல்லாம் நோயாளி குடிக்கவே மாட்டான்" என்றாள் லுஸ்மிலா. "வைத்தியர்தான் குடிப்பார். நோயாளிக்காக அவர் போய்ப் பாம்பைப் பார்ப்பார். இப்போது இருவரும் குடிக்கிறார்கள். எப்படியானாலும் பாம்பு வரும். அதன் தோலில் இருக்கிறது இந்த உலகத்தின் எல்லாக் கோடுகளும்." பாவாடையைத் தட்டிக் காட்டினாள். "கோட்டைப் பார்த்துப் பாட்டைப் பாடுவோம்."

"எங்க சிக்குக் கோலம் மாதிரி இருக்கு."

"இருக்கலாம். கேள். பாம்பு நோயாளியை விழுங்கும். அவன் பயந்தது எல்லாம் அதன் வயிற்றில் இருக்கும். பார்த்துத்தான் ஆக வேண்டும். பிறகு பாம்பு அவனைக் கக்கும். கக்கப்பட்டவன்தான் குணமானவன். இவர்கள் பாம்பை மறைத்தார்களே தவிர, அது விழுங்குவதை நிறுத்தவில்லை. உன் கணவன் இன்னும் அதன் வயிற்றுக்குள் இருக்கிறான், சகோதரி. உள்ளே கதகதப்பாக இருக்கும். சண்டை இல்லை. சத்தம் இல்லை. அதனால்தான் சிரிக்கிறான்."

பாதி குடித்த டீயை அஞ்சலாட்சி கீழே ஊற்றினாள். "அவன வெளிய எடுக்க முடியுமா, முடியாதா? அத்தச் சொல்லு."

"உங்கள் நாட்டுக்குள் என் கொடியைக் கொண்டுவர விடவில்லை. ஆனால் அவர்கள் அவன் கண்ணைத்தான் கட்டியிருக்கிறார்கள், காதைக் கட்டவில்லை. சத்தம் வழியே கூப்பிட்டுப் பார்க்கலாம்."

"பாம்புக்குத்தான் காதே இல்லியே!"

"காது எதற்கு? வயிறு தரையில் இருக்கிறதே."

கண்ணையே காதாகக் கொண்டது பாம்பு என்று நம் பழைய தமிழ் அதற்குக் கட்செவி என்று பேர் வைத்தது. காட்டுக்காரிக்கு அந்தக் கவலையே இல்லை. அவள் வயிற்றைக் காதாக்கிவிட்டாள்.

ஒரு நிபந்தனையை மட்டும் லுஸ்மிலா கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். தன் வாயால் வேண்டுமென்று கேட்காதவனுக்கு அவள் பாட மாட்டாள். அவள் தாய் பாடியதில்லை, தாயின் தாய் பாடியதில்லை. கேட்காதவனிடம் பாம்பை அனுப்புவதற்கு அவர்கள் ஊரில் சூனியம் என்று பெயர்.

'இவ்வளவுதானே' என்று நினைத்தாள் அஞ்சலாட்சி. ராத்திரி வீடு வந்து சேர்ந்தவள், மறுநாள் தனவேலைக் கொல்லையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துக் கேட்டாள். "யோவ், இந்தம்மா பாட்டுப் பாடுவாங்க. பழைய பயம், கனவு எல்லாம் திரும்ப வரும். ஆனா நீ நீயா ஆயிடுவ. பாடட்டுமா?"

"உனக்கு வேணும்னா பாடட்டும் அஞ்சல."

"உனக்கு வேணுமாய்யா?"

"நீ சொன்னா சரி."

லுஸ்மிலா தலையை ஆட்டினாள். "இது சம்மதம் அல்ல. அன்று அந்த மேலாளருக்கும் இப்படித்தான் தலையாட்டினான் என்றாயே."

"விசாரணை வருது! அவன் ஒருத்தன்தான் சாட்சி! நீ பாடு, பாவம் புண்ணியம் எனக்கு!"

"முடியாது. அவன் சாந்தத்தை அவர்கள் பயன்படுத்தினார்கள். இப்போது நீ பயன்படுத்துகிறாய். உனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?"

சுருக்கென்று தைத்தது. உண்மை தைத்தால் மனுஷருக்கு வெட்கம் வர வேண்டும். அஞ்சலாட்சிக்கு வந்தது வெறி. ஆலைக்காரர்களின்மேல் வெறி, டாக்டரின்மேல் வெறி, கொள்கை பேசும் இந்தக் காட்டுக்காரியின்மேல் வெறி, எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே உட்கார்ந்து 'சண்டை வேணாம்மா' என்று இருவரையும் சமாதானம் செய்துகொண்டிருந்த தன் புருஷன்மேல் வெறி. உள்ளே போனாள். விபத்துக்குப் பிறகு ஆலையிலிருந்து பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்த அவனுடைய சாமான்கள் பரணில் கிடந்தன. அதில் அவனுடைய ஸ்பேனர் இருந்தது. எடுத்து வந்து கொல்லையிலிருந்த அடிபம்பின் இரும்புக் குழாயில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"இத்த வெச்சுத்தானய்யா அன்னிக்கிப் பைப்ப அடிச்ச! சைரன் கத்தலன்னு நீ அடிச்சியே! நீ அடிச்சதக் கேட்டுத்தான எத்தினி பேர் தப்பிச்சி ஓடினான்! அடிச்சவன் எங்கய்யா? எங்க போனான் அவன்?"

டங், டங், டங், டங், டங். கண்மண் தெரியாமல் அடித்தாள். பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின.

"தப்பா அடிக்கிற" என்றான் தனவேல்.

அவள் கை அந்தரத்தில் நின்றது.

"மூணு அடிக்கணும். கொஞ்சம் வுட்டு, ஒண்ணு. அதான் ஓடுன்னு அர்த்தம். நீ அடிக்கிறது எதுவுமே இல்ல." அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. புருவம் சுருங்கியிருந்தது. சிகிச்சைக்குப் பிறகு இன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் இன்னொருவர் செய்வதைத் தப்பென்று சொல்கிறான்.

ஆலைக்குள் இயந்திர இரைச்சலில் பேச்சுக் கேட்காது. அதனால் குழாயைத் தட்டிப் பேசிக்கொள்வது தொழிலாளர்களின் வழக்கம். ஒரு தட்டு என்றால் வால்வைத் திற. இரண்டு என்றால் மூடு. மூன்றும் ஒன்றும் என்றால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. எந்த மேனேஜருக்கும் இந்தப் பாஷை தெரியாது. தெரிந்துகொள்ள அவர்கள் மெனக்கெட்டதும் இல்லை.

லுஸ்மிலா எழுந்து வந்து அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள். கருவியும் தாழ்ந்த குரலில் சொன்னது. "இப்போது நான் கேட்கிறேன். பாம்பு திரும்ப வந்தால் பயம் வரும். உறக்கம் போகும். அலறுவாய். வேண்டுமா?"

தனவேல் அடிபம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கனகசபையும் வருவானா?" என்று கேட்டான்.

"வருவான்."

"முன்ன டெய்லி கனவுல வருவான். ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் வர்றதே இல்ல" என்றான். "வரட்டும். அவன நான் பாக்கணும்."

அஞ்சலாட்சியின் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை. அதுதான் சம்மதம் என்று அவளுக்கே புரிந்தது.

லுஸ்மிலா பாடத் தொடங்கினாள். மூக்கும் தொண்டையும் கலந்த, மேலேறி மேலேறி வளையும் குரல். அந்தப் பாட்டுக்குள் அஞ்சலாட்சி ஸ்பேனரால் குழாயைத் தட்டினாள், மூன்று, பிறகு ஒன்று. திரும்பத் திரும்ப. பட்டப்பகல். வேலிக்கு மேலாகத் தெருவே எட்டிப் பார்த்தது. ரொம்ப நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு தனவேல் மெல்லக் குனிந்து தரையைப் பார்த்தான். இரண்டு கால்களையும் தூக்கி ஸ்டூலின்மேல் வைத்துக்கொண்டான்.

"பைப்பு நகருது" என்றான். "பச்சைப் பைப்பு. மஞ்சப் பட்டை போட்டது. அஞ்சல, பைப்பு வாயத் தொறக்குது!"

அப்புறம் நடந்ததை அஞ்சலாட்சி யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. அவன் அலறினான். மண்ணில் புரண்டான். கனகசபையைப் பேர் சொல்லி, கெட்ட வார்த்தை சொல்லி, கெஞ்சிக் கூப்பிட்டான். குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தான். லுஸ்மிலா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு பாட்டை விடாமல் முடித்தாள். வெயில் சாயும்போது அவன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அஞ்சலாட்சி கொடுத்த சொம்பை வாங்கி அவள் காலடியிலேயே வீசி எறிந்தான்.

"நீதானடி என்ன அங்க கூட்டிட்டுப் போன!"

"ஆமா" என்றாள் அவள். "நான்தான்."

அவன் அழுதான். அவளும் அழுதாள். அதன்பிறகு சில நாள் அவன் அவளோடு சரியாகப் பேசவில்லை. பழையபடி அலறலும் வந்தது. ஒவ்வொரு அலறலுக்கும் அவள் நெஞ்சு பதறியது. பதறியபடியே, போனவன் திரும்பிவிட்டான் என்று ஒரு சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

விசாரணை கலெக்டர் ஆபீஸின் பெரிய கூடத்தில் நடந்தது. மேடைமேல் ஓய்வுபெற்ற நீதிபதி. கீழே ஒரு பக்கம் வக்கீல்களோடு ராஜ்மோகன். மறுபக்கம் சிகிச்சை எடுத்துக்கொண்ட தொழிலாளர்கள், வரிசையாக, கல்யாணப் பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்களைப்போல முகமலர்ச்சியோடு. ஒவ்வொருவராக எழுந்து, எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

தனவேல் மைக்குக்கு முன்னால் வந்து நின்றான். ராஜ்மோகனை நோக்கிக் கையை நீட்டினான்.

"சைரன் வயரப் புடுங்கச் சொன்னது இந்த ஆளு. நான் கேட்டேன். கனகசபையும் கேட்டான். 'ஃபாரின்காரன் முன்னாடி கத்தித் தொலைக்கப் போவுது'ன்னு சொன்னாரு. என் வாயால சொல்றேன், ஐயா. கனகசபை செத்தது புகையால இல்ல. இந்த ஆளால செத்தான்!"

கடைசி வார்த்தை அலறலாக வந்தது. வக்கீல் பதறாமல் எழுந்தார். "ஐயா, ஒரே விபத்து. அதே அனுபவம். மற்ற எல்லாரும் எவ்வளவு தெளிவாக, அமைதியாகப் பேசினார்கள் என்று பார்த்தீர்கள். இவர் ஒருவர் மட்டும் இப்படி. இவருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. மனநிலை சரியில்லாதவரின் வார்த்தையை எப்படி ஏற்பது?"

அஞ்சலாட்சிக்கு ரத்தம் கொதித்தது. அமைதியாக இருப்பவன் சொல்வது உண்மை, கோபப்படுகிறவன் சொல்வது நோய் என்று ஆகிவிட்டால், அடிபட்டவன் எந்த வாயால் பேசுவது? அவள் எழுவதற்குள் நீதிபதி கையமர்த்தினார். கனிவான முகம். மெல்லிய சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கோ என்ன, மாதக்கணக்காகத் தன் வீட்டிலேயே பார்த்திருக்கிறாள்.

"தம்பி" என்றார் நீதிபதி. "கோபம் உடம்புக்கு ஆகாது. நானே அந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டேன். முன்பெல்லாம் ஒவ்வொரு வழக்கும் என்னைத் தூங்கவிடாது. இப்போது எல்லாமே லேசாக இருக்கிறது. நீங்களும் மறுபடி ஒருமுறை போய்வாருங்கள். உங்கள் சாட்சியத்தை அதற்குப் பிறகு பதிவு செய்துகொள்வோம்."

ராஜ்மோகன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆலையிலிருந்து வந்தவர்களில் அவர் ஒருவர்தான் சிகிச்சைக்குப் போகாதவர். அவருக்கு அது எப்போதுமே தேவைப்பட்டதில்லை.

இரண்டு பணியாளர்கள் தனவேலை அழைத்துப்போக வந்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த தன் ஆட்களையே பார்த்தான். பக்கத்து மேசையிலிருந்த எவர்சில்வர் தம்ளரை எடுத்து மைக்கின் இரும்புக் கம்பத்தில் அடித்தான்.

டங், டங், டங். டங்.

மைக் அதைக் கூடம் முழுவதும் கொண்டுபோய் இறைத்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. காலுக்குக் கீழே தரை அதிர்ந்ததை அஞ்சலாட்சி உணர்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லுஸ்மிலா அவள் கையைப் பிடித்தாள்.

"அவர்களிடம் கேட்டானா?" என்றது கருவி, தணிந்த குரலில்.

"சைரன் அடிக்கிறதுக்கு யாரக் கேக்கணும்?" என்றாள் அஞ்சலாட்சி.

 லுஸ்மிலா அவள் கையை விடவில்லை.

டங், டங், டங். டங்.

முதல் வரிசையில் கோவிந்தசாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. பாய்லரில் வேலை பார்த்தவன். காதைப் பொத்திக்கொண்டு எழுந்தான். "கேட்டு பூட்டியிருக்குடா!" என்று கத்தினான். "தெக்கு கேட்டப் பூட்டி வெச்சிருக்கானுங்கடா! எவண்டா பூட்டச் சொன்னது?" பூட்டிய கதவைப் பற்றி அதுவரை யாருமே எங்குமே சொன்னதில்லை. இன்னொருவன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். நாற்காலிகள் கவிழ்ந்தன. ஒருவன் அழுதான், ஒருவன் ராஜ்மோகனின் பெயரைச் சொல்லிக் கத்தினான். வரிசையின் ஓரத்தில் ஒருவன் தன் காலாலேயே தரையில் தட்டத் தொடங்கினான். மூன்று, பிறகு ஒன்று. அது அப்படியே பரவியது.

வக்கீல் எதையோ கத்தினார். யாருக்கும் கேட்கவில்லை. ராஜ்மோகன் கதவைப் பார்த்தார். கதவை மறைத்துக்கொண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"அமைதி, அமைதி" என்றார் நீதிபதி. சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது. கையில் பேனா இருந்தது. தீர்ப்புச் சொல்லிச் சொல்லித் தூக்கம் தொலைத்து, அந்தத் தூக்கத்தை மருந்தில் வாங்கி வந்த மனிதர். அவர் எந்தெந்த முகங்களை எந்தப் பாம்பின் வயிற்றுக்குள் விட்டுவந்தாரோ, யாருக்குத் தெரியும்.

தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. நீதிபதி ஏதோ சந்தேகம் வந்தவர்போலப் பேச்சை நிறுத்தினார். பேனாவை மூடி வைத்தார். மேசை விரிப்பை ஒதுக்கிவிட்டுக் குனிந்து கீழே பார்த்தார்.

பிறகு மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டார்.